பைக் அலாரம் நேரம் காலமின்றி அலறுகிறது: கழற்றிவிடுவதா, சரிசெய்துகொள்வதா?

கேள்வி: குரோம்பேட்டை வாசி

வணக்கம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய தெருவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் வண்டித் திருட்டு நடந்த பிறகு, வீட்டில் எல்லோரும் வற்புறுத்தியதால், 2021இல் வாங்கிய என் 150 சிசி பைக்குக்கு வெளிக்கடை ஒன்றில் ரிமோட் அலாரம் பொருத்தினேன். ஃபியூல் இன்ஜெக்ஷன் வண்டி, கிக்கர் கிடையாது. அலாரம் வந்த பிறகு திருட்டுப் பயம் குறைந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது எப்போது அலறும், எப்போது பேசாமல் இருக்கும் என்பதை என்னால் கணிக்க முடியவில்லை.

இரவில் சுமை ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையில் திரும்பினால் போதும், அலாரம் அலறத் தொடங்கிவிடுகிறது. ஐப்பசி மழையில் இடி இடித்தபோதெல்லாம் இதே கதைதான். அலுவலகத்திலிருந்து வந்து வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டுப் படியேறும்போது, யாரும் அருகில் இல்லாத நிலையிலும் ‘கீக்’ என்று ஒரு குறுகிய எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது. சில நிமிடங்கள் கழிந்தால் அதுவே அடங்கிவிடுகிறது. கீழ்த்தளத்தில் கைக்குழந்தை இருக்கும் வீட்டார் இதுவரை முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமையை இதற்கு மேலும் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை.

வேறு இரண்டு சிக்கல்களும் உண்டு. கிண்டியில் அலுவலகத்துக்கு அருகே வழக்கமாக வண்டி நிறுத்தும் ஓரிடத்தில் மட்டும் ரிமோட் வேலை செய்வதில்லை. வண்டியைப் பத்தடி தள்ளிக்கொண்டு போனால் உடனே வேலை செய்கிறது. அடுத்ததாக, குடும்பத்தோடு ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போய்த் திரும்பிய அன்று செல்ஃப் எடுக்கவில்லை. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தியபோது வண்டி கிளம்புவதற்குப் பதிலாகச் சைரன் முழங்கியது. பொருத்திய கடைக்காரர் எல்லாவற்றுக்கும் “யூனிட்டை மாற்றிவிடலாம்” என்ற ஒரே பதிலைத்தான் சொல்கிறார். புதிய யூனிட்டிலும் இதேபோல் நடக்காது என்பதற்கு என்ன உறுதி? இந்தக் குணங்களைச் சரிசெய்ய முடியுமா, அல்லது அலாரத்தைக் கழற்றிவிட்டு டிஸ்க் லாக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1: கோவை வயரிங்காரர்

நண்பருக்கு வணக்கம். இருசக்கர வாகன எலக்ட்ரிக்கல் வேலைதான் என் தொழில். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது யூனிட் பழுதாகியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பொருத்திய இடமும், சென்சாரின் உணர்திறன் வைக்கப்பட்டிருக்கும் அளவும் சரியில்லை என்றே நினைக்கிறேன். யூனிட்டை மாற்றினாலும் அதே இடத்தில் அதே அளவில் வைத்தால் அதே அலறல்தான் திரும்பி வரும்.

அலாரப் பெட்டிக்குள் இருக்கும் அதிர்வு சென்சார் மிக எளிமையான பொருள். விலை குறைந்தவற்றில் ஒரு சிறிய ஸ்பிரிங் அல்லது அதிர்ந்தால் மின்சாரம் உண்டாக்கும் ஒரு பீசோ வில்லை இருக்கும். அசைந்தால் அது சிக்னல் கொடுக்கும். அசைத்தது திருடனா, லாரியா, சீட்டின் மேல் தாவிய பூனையா என்று பிரித்தறிய அதனால் இயலாது. லாரி போகும்போது தரை அதிர்கிறது, அந்த அதிர்வு ஸ்டாண்டு வழியாக வண்டியின் இரும்புச் சட்டகமான சேஸிக்கு ஏறி, அங்கிருந்து பெட்டியை அடைகிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் காற்றில் ஆடுவதும், பக்கத்து வண்டியை எடுப்பவர் இடித்துவிட்டால் சாய்ந்தாடுவதும் குறையும் என்பதால் அப்படி நிறுத்துவது நல்லதே; ஆனால் தரை வழியாக வரும் அதிர்வுக்கு அது மருந்தாகாது.

முதலில் சீட்டைக் கழற்றி, பெட்டியை எதில் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவசரமாக வேலை முடிப்பவர்கள் பக்கவாட்டு பிளாஸ்டிக் பேனலின் உட்புறத்தில் கேபிள் டை போட்டு இறுக்கிவிடுவார்கள். மெல்லிய பிளாஸ்டிக் இடிச் சத்தத்துக்கே அதிரும். அதில் கட்டிய பெட்டியும் கூடவே அதிரும். உங்கள் இடிப் பிரச்சினைக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பெட்டியைச் சீட்டுக்கு அடியில் ஓடும் சேஸி குழாயில், இடையில் ஒரு மெல்லிய ரப்பர் பட்டை வைத்து, ஆடாதவாறு கட்ட வேண்டும். தடித்த ஸ்பாஞ்சில் சுற்றி வைத்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் அது சத்தம் போடாது.

அதன் பிறகு அளவைச் சரிசெய்யுங்கள். சில பெட்டிகளில் சிறிய திருகு இருக்கும், சிலவற்றில் ரிமோட் மூலமாகவே படிகளை மாற்றலாம்; உங்களுடையது எந்த வகை என்பதை யூனிட்டோடு வந்த தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த படியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். டயரை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் அலறக் கூடாது. ஹேண்டிலைப் பிடித்து உலுக்கினாலோ, சைடு ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்தினாலோ கட்டாயம் அலற வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் படியே உங்கள் தெருவுக்குரிய படி. கடைகளில் விற்கும்போது, வாடிக்கையாளர் லேசாகத் தொட்டாலே கத்த வேண்டும் என்பதற்காக உச்ச அளவில் வைத்துக் காட்டுகிறார்கள். பலரும் அதைக் குறைக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

நிறுத்திய சில நிமிடங்களுக்கு மட்டும் வரும் அந்தக் குறுகிய ஒலிக்கும் இதில்தான் விடை இருக்கிறது. ஓடி வந்த வண்டியை அணைத்ததும் சைலன்சர் குழாயும் இன்ஜினும் சூடு தணிந்து சுருங்கும்போது ‘டிக், டிக்’ என்று ஒலி கேட்கும். அந்த நுண்ணிய அதிர்வைக்கூட உச்ச அளவில் உள்ள சென்சார் பிடித்துக்கொள்ளும். அளவைக் குறைத்தால் அது நின்றுவிடும். தீபாவளி மட்டும் தனி. வெடியின் காற்றழுத்தத்துக்கு எந்த அளவும் தாங்காது. தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 மணி, இரவு 7 முதல் 8 மணி என்று நேரம் வகுக்கப்பட்டிருந்தாலும், அன்று நாள் முழுவதும் சைரனை அணைத்துவிட்டு, இக்னிஷன் பூட்டு மட்டும் இயங்கும் மௌன நிலையில் வைப்பதே என் வழக்கம்.

இனி பேட்டரி. வண்டி நிற்கும்போதும் அலாரம் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது; அதற்கு மின்சாரம் வேண்டும். ஒரு யூனிட் 20 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-ஹவர் (பேட்டரி கொள்ளளவின் அலகு) போய்விடும். 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பத்தே நாளில் முற்றிலும் காலியாகும் கணக்கு இது. செல்ஃப் அதற்கு முன்பே, பாதி இறங்கியவுடனேயே படுத்துவிடும். பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் கிக்கரை உதைத்து எடுத்துவிடலாம். உங்கள் வண்டியில் பெட்ரோல் பம்புக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியூவுக்கும் பேட்டரி மின்சாரம் தேவை என்பதால், அது அடியோடு இறங்கிய நிலையில் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பலிக்காது. அந்தக் காரணத்தால் ஃபியூல் இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்கள் வண்டி நிற்கும்போது அலாரம் எடுக்கும் மின்னோட்டத்தை அளந்தே ஆக வேண்டும். இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் இடையே மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் இணையுங்கள். முதலில் 10 ஆம்பியர் துளையில் வைத்துப் பார்த்துவிட்டு, அளவு குறைவாக இருந்தால் மில்லி ஆம்பியருக்கு மாறுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொட வேண்டாம். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஸ்டார்ட்டரை அழுத்தியபோது சைரன் முழங்கியதற்கும் இறங்கிய பேட்டரிதான் காரணம். செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் பலவீனமான பேட்டரியின் வோல்ட்டேஜ் சட்டென்று கீழே விழும். அலாரத்தின் சிப் ஒரு கணம் அணைந்து மீண்டும் விழிக்கும். பல யூனிட்டுகள் விழித்ததும் ‘பூட்டிய நிலை’க்குத் திரும்பும்படி செய்யப்பட்டவை. பேட்டரியைத் துண்டித்து அலாரத்தை ஏமாற்ற நினைக்கும் திருடனுக்காக வைத்த ஏற்பாடு அது. வண்டி அணைந்து சில மணி நேரம் ஓய்ந்த பின் பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் இந்தத் தொல்லை வராது.


பதில் 2: ஸ்ரீரங்கம் மூன்றாம் தளம்

எங்கள் குடியிருப்பு சங்கத்தின் செயலாளராக இருப்பதால், இந்தச் சத்தத்தை மற்றவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். தொழில்நுட்பத்தைக் கோவைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார். உங்கள் கீழ்த்தள வீட்டாரைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதைப் பார்க்கும்போது மனதுக்கு நிறைவாக இருந்தது. இந்த அக்கறை எல்லா வண்டிக்காரர்களிடமும் இருப்பதில்லை.

ஒலி மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரையறுக்கின்றன. 2010இல் வந்த திருத்தத்தின்படி, இரவில் குடியிருப்புப் பகுதிகளில் அவசர நிலை தவிர ஹாரன் அடிக்கவே கூடாது. ஒரு தடவை தவறுதலாக அலறியதற்காக யாரும் காவல் நிலையத்துக்குப் போகப் போவதில்லை என்றாலும், இரவு அமைதியைச் சட்டம் எவ்வளவு பெரிதாக மதிக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. எங்கள் வளாகத்தில் அலாரம் வைத்த வண்டிகள் பெருகிய புதிதில், எந்தச் சைரன் ஒலித்தாலும் மூன்று நான்கு பேர் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள். லாரிக்கும் மழைக்கும் பூனைக்கும் தினமும் ஒலிக்கத் தொடங்கிய பிறகு ஒருவரும் எழுந்து வருவதில்லை. உண்மையாகவே ஒருவர் வண்டியை நகர்த்தினாலும் கேட்க ஆளில்லாத நிலை அது. ஆகவே அளவைக் குறைப்பது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் சலுகை என்று நினைக்க வேண்டாம். உங்கள் வண்டியின் பாதுகாப்பே அதில்தான் அடங்கியிருக்கிறது.

நாங்கள் செய்த ஏற்பாடு இது. ஒவ்வொரு வண்டியின் பின்புற மட்கார்டிலும் வீட்டு எண்ணை மட்டும் எழுதிய சிறிய ஸ்டிக்கர் ஒட்டினோம்; சைரன் ஓயாமல் ஒலித்தால் காவலாளி நேராக அந்த வீட்டின் அழைப்பு மணியை அழுத்துவார். இரவு கேட் பூட்டிய பிறகு, உள்ளே நிற்கும் வண்டிகள் எல்லாம் மௌன நிலைக்கு மாற வேண்டும். தெருவில் நிற்பவை மட்டும் ஒலிக்கலாம். ஊருக்குப் போகிறவர்கள் ரிமோட்டை அண்டை வீட்டிலோ காவலாளியிடமோ கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முன்பு ஒரு முறை, உரியவர் வெளியூரில் இருக்க, அவருடைய வண்டி விட்டு விட்டு அலறி, பேட்டரி இறங்கிய பிறகே ஓய்ந்தது. அந்த வாரம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன்.

அலாரத்தைக் கழற்ற வேண்டாம். ஆனால் உங்கள் கீழ்த்தளத்து அம்மாவிடம் நீங்களே போய், சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கதவைத் தட்டிச் சொன்னவரின் வண்டி ஒலித்தால், அவர்களும் உங்களுக்குத் தகவல் சொல்லத் தயங்க மாட்டார்கள்.


பதில் 3: சேலம் பாலிடெக்னிக் ஆசிரியர்

கிண்டியில் ரிமோட் வேலை செய்யாததைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்; பாடம் நடத்தும்போது மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான ரிமோட்டுகள் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. இந்தியாவில் 433 முதல் 434 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால், தானியங்கி கேட், வயர்லெஸ் அழைப்பு மணி, சில கார்களின் டயர் அழுத்த சென்சார் எல்லாம் அதே வட்டாரத்தில் பேசுகின்றன. விலை குறைந்த அலாரத்தின் ரிசீவர் தன் அலைவரிசையை மட்டும் துல்லியமாகப் பிரித்துக் கேட்கும் திறன் இல்லாதது. அருகில் ஏதேனும் ஒரு கருவி விடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தால், அல்லது தரமற்ற எல்இடி விளக்கின் உள்ளே இருக்கும் மின்சுற்று ரேடியோ இரைச்சலைக் கக்கினால், உங்கள் ரிமோட்டின் மெல்லிய சிக்னல் அதில் மூழ்கிவிடும். பத்தடி தள்ளினால் வேலை செய்கிறது என்ற உங்கள் குறிப்பு இதை உறுதிப்படுத்துகிறது. அந்த இடத்தில் ரிமோட்டை வண்டியிலிருந்து எட்ட நின்று அழுத்தாமல், சீட்டுக்கு மிக அருகில் பிடித்து அழுத்திப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால், சாவியைக் கொண்டே அலாரத்தை அணைக்கும் முறை பல யூனிட்டுகளில் உண்டு. இக்னிஷனை எத்தனை முறை போட்டு அணைக்க வேண்டும் என்பது யூனிட்டுக்கு யூனிட் மாறும் என்பதால், அந்தத் தாளைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டைக் கழற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டியிலிருந்து எதிலும் இணையாமல் மெல்லிய ஒற்றை வயர் ஒன்று தொங்கும். உதிரி வயர் என்று நினைத்துச் சிலர் அதை நறுக்கிவிடுகிறார்கள். சிலர் அழகாக இருக்கட்டும் என்று சேஸி குழாயில் சுற்றி டேப் போட்டுவிடுகிறார்கள். அதுதான் ஆன்டெனா. இந்த அலைவரிசைக்குக் கால் அலைநீளம் 17 சென்டிமீட்டர் சொச்சம் வரும். பெரும்பாலும் அந்த நீளத்துக்கே வயரை வெட்டி வைத்திருப்பார்கள். அதை நேராக, இரும்பைத் தொடாமல், பிளாஸ்டிக் பேனலின் உட்புறத்தை ஒட்டி நீட்டி விட்டால் ரிமோட் எட்டும் தூரம் கண்கூடாகக் கூடும். பெட்டியைச் சேஸியில் கட்டச் சொன்ன ஆலோசனையும் இதுவும் முரணானவை அல்ல. பெட்டி இரும்பில் இருக்கட்டும், வயர் பிளாஸ்டிக் பக்கம் இருக்கட்டும்.

ரிமோட்டில் உள்ள பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள். 27ஏ எனப்படும் 12 வோல்ட் சிறு பேட்டரி போடும் ரிமோட்டுகளில், அது பலவீனமான பிறகும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். எட்டும் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வரும். விளக்கு எரிவதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

புதிய யூனிட் வாங்கும் எண்ணம் எப்போதாவது வந்தால், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் குறியீடு மாறும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். மலிவான ரிமோட்டுகள் எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே குறியீட்டைத்தான் அனுப்பும். அதை நகலெடுக்கும் ரிமோட் கடைகளில் சாதாரணமாகவே கிடைக்கிறது. மாறும் குறியீட்டு வகைக்கும் ஒரு குணம் உண்டு. வண்டி எட்டாத தூரத்தில் குழந்தைகள் ரிமோட்டைப் பலமுறை அழுத்தி விளையாடியிருந்தால், வண்டியில் உள்ள எண்ணிக்கையைவிட ரிமோட்டின் எண்ணிக்கை முன்னே போயிருக்கும். முதல் அழுத்தத்துக்கு வண்டி அசையாது. பதறாமல் இன்னொரு முறை அழுத்தினால், அடுத்தடுத்து வந்த இரண்டு குறியீடுகளையும் ஒப்பிட்டு அது தன்னைச் சரிசெய்துகொள்ளும்.


கேள்வியாளர்: குரோம்பேட்டை வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். கோவை ஐயா சொன்னதுபோலவே பெட்டி இடப்பக்கப் பேனலில்தான் கட்டப்பட்டிருந்தது. அதைச் சேஸி குழாய்க்கு மாற்றி, ஆன்டெனா வயரையும் பிரித்து நேராக நீட்டினேன். அது நான்காக மடித்து டேப் சுற்றப்பட்டிருந்தது. அளவை இரண்டாம் படிக்குக் கொண்டுவந்த பிறகு, இரவில் லாரிகள் போனபோது அலாரம் எழவில்லை. ஹேண்டிலை உலுக்கினால் எழுகிறது. கிண்டியில் சீட்டருகே பிடித்து அழுத்தினால் ரிமோட் இப்போது கேட்கிறது. கீழ்த்தளத்து வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டேன் அம்மா. அவர்கள் என் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்கள்.

மீட்டரில் 18 மில்லி ஆம்பியர் காட்டியது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பத்து நாள் வரை வண்டி நிற்கும். அப்போது பேட்டரி முனையையே கழற்றிவிடலாமா? மேலும், அலாரத்தின் பாசிட்டிவ் வயர் நேராகப் பேட்டரிக்குப் போகிறது; இடையில் ஃபியூஸ் எதுவும் இல்லை. வயர் இணைப்பு ஒன்றில் டேப்பைப் பிரித்தபோது செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. இவற்றை அப்படியே விடலாமா?


பதில்: கோவை வயரிங்காரர்

விட வேண்டாம். ஃபியூஸ் இல்லாத பாசிட்டிவ் வயர் சீட்டுக்கும் சேஸிக்கும் இடையில் நசுங்கித் தோல் உரிந்தால், பேட்டரியின் முழு மின்சாரமும் அதில் பாய்ந்து வயரிங்கே எரிந்துவிடும். அலறலைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். பேட்டரி முனையிலிருந்து ஒரு கையளவு தூரத்துக்குள், ஹோல்டருடன் கூடிய ஃபியூஸ் ஒன்றைப் போடுங்கள். எத்தனை ஆம்பியர் என்பது யூனிட்டின் தாளில் இருக்கும். உங்கள் யூனிட் இண்டிகேட்டர்களையும் சேர்த்து ஒளிரச் செய்தால் அந்தச் சுமையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதால், கண் மதிப்பில் போட வேண்டாம்.

களிம்பு ஏறிய இடம் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பாகத்தான் இருக்கும். அதை வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும் வரை தோலுரித்து, சால்டர் வைத்து, மேலே சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். வாட்டர் வாஷ் செய்யும்போது அழுத்தத்தோடு அடிக்கும் தண்ணீர் இந்த மாதிரி டேப் இணைப்புகளுக்குள் இறங்கி, வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அலாரம் மழைக்காலத்தில் மட்டும் கிறுக்குப் பிடித்ததுபோல் நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மேல்நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்கி, தொண்டை கட்டியவர்போல் கரகரத்து, பிறகு ஒலிக்காமலே போய்விடும். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால், கம்பெனி வயரிங்கை எங்கும் வெட்டியிருக்கிறார்களா என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வயரை வெட்டாமல் செருகி இணைக்கும் கப்ளர் வழியாக அலாரத்தைப் பொருத்தும் செட்டுகள் இருக்கும்போது, அடுத்த முறை வெட்டும் வேலைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

பொங்கலுக்குப் போகும்போது பேட்டரி முனையைக் கழற்ற வேண்டியதில்லை. 18 மில்லி ஆம்பியருக்குப் பத்து நாளில் 4.3 ஆம்பியர்-ஹவர் போகும். உங்கள் பேட்டரி 5 ஆம்பியர்-ஹவர் என்றால் அது தாங்காது. எனவே ரிமோட்டில் அலாரத்தை அணைத்துவிட்டு, புதிதாகப் போட்ட அந்த ஃபியூஸை மட்டும் உருவி வையுங்கள். சைரனுக்குள் தனி பேட்டரி இருக்கும் வகையாக இருந்தால், அணைக்காமல் உருவியவுடன் அதுவே அலறும் என்பதால் இந்த வரிசை முக்கியம். ஃபியூஸை உருவிய பிறகு சாவியைப் போட்டு வண்டி ஸ்டார்ட் ஆகிறதா என்றும் பாருங்கள். சில யூனிட்டுகளில் மின்சாரம் போனால் இக்னிஷன் ரிலே இணைப்பைத் துண்டித்த நிலையிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்டதாக இருந்தால், திரும்பி வந்து முதலில் ஃபியூஸைச் செருகிய பிறகே வண்டியை எடுக்க முடியும். அந்தப் பத்து நாளும் ஹேண்டில் லாக் போட்டு, முன்சக்கரத்தில் டிஸ்க் லாக்கும், பின்சக்கரத்தையும் வளாகத்துத் தூணையும் சேர்த்து ஒரு சங்கிலியும் போட்டுவிட்டுப் போங்கள்.